ரேகையும் செயலும்: ஐயத்தின் வாசிப்பு குறித்து ஒரு திறனாய்வு

தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்துக்குள் ஏறும் மலைப்பாதைகளுள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே ஜீப்புகள் இவ்வழிகளில் ஏறுகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. பாதைதோறும் சோதனைச் சாவடி உண்டு. அங்கே கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: வண்டியில் என்ன இருக்கிறது? கடத்தப்படும் ரேஷன் அரிசியா, கஞ்சாவா, காட்டு மரமா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் வண்டி போகிறது. இக்கேள்வியை இப்பகுதி மக்கள் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

ஆனால் இதே வட்டாரத்தில் வேறொரு கேள்வி கேட்கப்பட்ட காலமும் உண்டு. கையில் என்ன இருக்கிறது என்பதன்று அக்கேள்வி. நீ யாருக்குப் பிறந்தவன் என்பதே அது. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1914 முதல் பிரமலைக் கள்ளர் மீது அது படிப்படியாக ஏவப்பட்டது. வயது வந்த ஆண்களின் விரல் ரேகைகள் பதிவாயின. இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். 1947இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது.

பயங்கரவாதம், குடிவரவுச் சோதனை, நாட்டின் பாதுகாப்பு ஆகியவை பற்றி இன்று எழும் விவாதங்களை இவ்விரு கேள்விகளின் துணைகொண்டு அணுகவே நாம் விரும்புகிறோம். செயலைக் கேட்கும் சோதனை ஒன்று. பிறப்பைக் கேட்கும் சோதனை மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அரசின் அலுவலகங்களில் மட்டுமன்றித் திரையரங்கிலும் நூல் வாசிப்பிலும்கூட இக்குழப்பம் நிகழ்கிறது. நம் எதிர்வினைகளும் அதிலிருந்து முற்றிலும் விடுபட்டவையல்ல.

சோதித்தல் அநீதியன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். எல்லையில் வருவோரைச் சோதிப்பதே அநீதி என்று நம்மவருள் சிலர் பேசுகின்றனர். இது மார்க்க அடிப்படையிலும் நிற்காது. திருக்குர்ஆனின் 60ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அல்மும்தஹனா'. சோதிக்கப்படும் பெண் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெண்கள் புலம்பெயர்ந்து வந்தபோது, அவர்களைச் சோதித்தறியுமாறு அதன் 10ஆம் வசனம் பணிக்கிறது. கணவன் மீதான வெறுப்பினாலோ உலக ஆதாயத்துக்காகவோ வராமல், இறைவனையும் அவன் தூதரையும் நாடியே வந்தார்களா என அவர்களிடம் உறுதிமொழி பெறப்பட்டதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர்.

எனினும் அவ்வசனம் சோதனைக்கு மூன்று வரம்புகளை இடுவதைக் காண வேண்டும். வந்தவரின் நோக்கமே ஆராயப்படுகிறது, குலம் ஆராயப்படுவதில்லை. ஏனெனில் வந்தவர்கள் அனைவரும் பகைவரின் ஊரிலிருந்தே வந்தார்கள். குரைஷியருள் இஸ்லாத்தின் கடும் பகைவர்களுள் ஒருவனான உக்பாவின் மகள் உம்மு குல்தூம் அவர்களும் வந்தவர்களுள் ஒருவர். அடுத்ததாக, உள்ளத்தின் ஈமானை இறைவனே நன்கறிவான் என்று கூறப்படுவதால், சோதிப்பவரின் அறிவுக்கு எல்லை வகுக்கப்படுகிறது. மூன்றாவதாக, தெளிந்த பின் திருப்பி அனுப்பலாகாது. சோதனைக்கு ஒரு முடிவு உண்டு. ஐயங்களுள் பலவற்றைத் தவிர்க்குமாறும் பிறர் குறைகளைத் துருவாதிருக்குமாறும் 49ஆம் அத்தியாயம் அறிவுறுத்துவதையும், ஐயத்தால் உறுதி நீங்குவதில்லை என்ற சட்டவியல் நெறியையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். வள்ளுவரும் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உரைகல் அவரவர் செயலே என்றார்.

ரேகைச் சட்டத்தில் இம்மூன்று வரம்புகளும் இல்லை. செயல் ஆராயப்படவில்லை, ஆராய்வோர் தம் அறிவின் எல்லையை உணரவில்லை, சோதனைக்கு முடிவும் இருக்கவில்லை. 2002 செப்டம்பரில் அமெரிக்கா தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் நேரில் வந்து விரல் ரேகையும் நிழற்படமும் அளிக்குமாறு பணிக்கப்பட்டனர். வட கொரியா நீங்கலாக அனைத்தும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அமெரிக்காவுக்குள் மட்டும் 80,000க்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கிற்று. அத்திட்டத்தின் வாயிலாகப் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்று எவரும் அறியப்படவில்லை. 2011இல் அது நிறுத்தப்பட்டு, 2016 டிசம்பரில் அதன் விதிகளும் நீக்கப்பட்டன. ஆயினும் 2017 ஜனவரியில் ஏழு நாட்டினருக்கு விதிக்கப்பட்ட நுழைவுத் தடையில் அதே எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. 2021இல் நீக்கப்பட்ட அத்தகைய தடை, 2025 ஜூனில் வேறு பட்டியலுடன் திரும்பி வந்தது.

இங்கு ஒரு வரலாற்று முரணையும் குறிப்பிடலாம். விரல் ரேகைகளை வகைப்படுத்தும் முறை எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. கல்கத்தாவில் அதனை உருவாக்கப் பெரிதும் உழைத்தவர்கள் அவரிடம் பணிபுரிந்த காஜி அஜீஜுல் ஹக்கும் ஹேம்சந்திர போஸும் ஆவர். 1897இல் அங்கே ரேகைக் கூடம் நிறுவப்பட்டது. செய்த குற்றத்தைச் செய்தவனோடு மட்டும் பொருத்திக்காட்டி, செய்யாதவனை விடுவிக்க வல்ல கருவி அது. ஒரு குலத்தையே பதிவேட்டில் அடைக்க அக்கருவி பயன்பட்டது கருவியின் குற்றமன்று.

திரையில் காணாமற்போன மூன்றாமவர்

சட்டம் செய்வதைக் கலையும் செய்யக்கூடும். 2009இல் வெளிவந்த 'உன்னைப்போல் ஒருவன்' படத்தையும் 2013இல் வெளிவந்த 'விஸ்வரூபம்' படத்தையும் எடுத்துக்கொள்வோம். முன்னது 'எ வெட்னஸ்டே' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம். அதன் நாயகன் பெயரில்லாத சாமானியன். குண்டுகளை வைத்துக் காவல்துறையை மிரட்டி, சிறையிலிருக்கும் பயங்கரவாதிகளை வெளிக்கொணர்ந்து கொல்கிறான். நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை. அவனுடைய பெயரும் மதமும் வேண்டுமென்றே மறைக்கப்படுகின்றன. அவன் எவராகவும் இருக்கலாம் என்பது படத்தின் உட்கருத்து. ஆயின் பெயரின்றி இருப்பது எல்லோர்க்கும் வாய்க்கும் பேறன்று. விமான நிலையத்தின் வரிசையில் நம்மை வெளியே இழுத்து நிறுத்துவது நம் பெயர்தானே! 2011இல் நியூயார்க் விமான நிலையத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் மேலாடையும் காலணியும்கூடக் கழற்றிச் சோதிக்கப்பட்டதை நாடே அறியும்.

'விஸ்வரூபம்' இதைவிடச் சிக்கலானது. நாயகன் விசாம் அகமது காஷ்மீரி ஒரு முஸ்லிம், தொழுகையாளி, இந்திய உளவுத்துறை அதிகாரி. ஆகவே இது முஸ்லிம்களுக்கு எதிரான படமன்று எனப் பலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் விசாம் நம்முன் முதலில் தோன்றுவது விஸ்வநாத் என்ற பெயரில், கதக் ஆசிரியர் வேடத்தில். அவன் முஸ்லிம் என்று வெளிப்படும் அதே கணத்தில் அவன் அரசின் ஆயுதம் என்பதும் வெளிப்படுகிறது. முன்னைய படத்திலும் காவல் அதிகாரி ஆரிஃப் இவ்வாறே வருகிறார். 'மை நேம் இஸ் கான்' (2010) முஸ்லிம் மீது பேரன்பு காட்டும் படம். அதிலும் நாயகன் வன்முறையைத் தூண்டுபவனை அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குக் காட்டிக்கொடுக்க நேர்கிறது. ஆக, குண்டு வைக்கும் முஸ்லிம், அவனைப் பிடிக்கும் முஸ்லிம் என்ற இருவருக்கே திரையில் இடமுண்டு. மூன்றாமவரைக் காணோம். கம்பத்தில் பன்னீர்த் திராட்சையை எடைபோடுபவரும், போடி ஏலக்காய்ச் சந்தையில் காயின் பருமனைக் கண்ணால் அளப்பவரும், உத்தமபாளையத்தில் 1956 முதல் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி தரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் பாடம் சொல்பவரும் அந்த மூன்றாமவர்தாம். அவர் குண்டு வைப்பதுமில்லை, எவரையும் பிடிப்பதுமில்லை. தம் நேர்மைக்கு அவர் ஏன் சான்று காட்ட வேண்டும் என்று இப்படங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படத்தில் மிகுதியாகக் கண்டிக்கப்பட்டது, ஆப்கானிய வில்லன் உமர் தமிழ் பேசுவதற்குச் சொல்லப்பட்ட காரணம். கோவையிலும் மதுரையிலும் தான் தங்கியிருந்ததாக அவன் கூறுகிறான். நம் பார்வையில் இது திட்டமிட்ட அவதூறு என்பதைவிடக் கதையமைப்பின் சோம்பல் என்பதே பொருந்தும். தமிழ்ப் பார்வையாளருக்காக வில்லன் தமிழ் பேச வேண்டும். அதற்கொரு காரணம் வேண்டும். கைக்கெட்டிய காரணம் இரண்டு ஊர்களின் பெயர்கள். ஆனால் அப்பெயர்கள் ஏன் அத்தனை எளிதில் கைக்கெட்டின? பார்ப்போரும் ஏன் தடையின்றி ஏற்றுக்கொள்வர் என்று கருதப்பட்டது? சோம்பலால் எழுதப்படும் இடத்தில்தான் சமூகத்தின் பழகிய ஐயம் தானாக வந்து அமர்கிறது. 1996 வரை தேனியும் மதுரை மாவட்டமே என்பதால், அவ்வொரு வசனத்தின் நிழல் இப்பள்ளத்தாக்கின் மீதும் விழுந்தது. 2002இல் டொரொண்டோ விமான நிலையத்தில் தம் பெயரிலுள்ள 'ஹாசன்' காரணமாகத் தாமே தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு கலைஞரிடம் நாம் இதைவிடக் கூர்மையை எதிர்பார்த்தோம்.

நம் எதிர்வினையின் குறை

அடுத்து நம்மையே நோக்க வேண்டும். 2013 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. மாவட்ட ஆட்சியர்கள் 144ஆவது பிரிவின்கீழ் இரு வாரங்களுக்குத் தடை விதித்தனர். உயர் நீதிமன்றத்தில் தடை நீங்கியது. மறுநாளே திரும்ப வந்தது. முடிவில் ஏழு இடங்களில் ஒலியை நீக்க உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியாயிற்று.

அந்தக் கூட்டமைப்பினரின் வேதனை பொய்யன்று. ஆயினும் 144ஆவது பிரிவு கலவரத்தைத் தடுக்கும் விதியாக இருந்தது. அதன் உதவியை ஏற்றபோது, ஒரு படத்தைக் கண்டால் கலகம் விளைவிக்கக்கூடிய கூட்டம் நாம் என்ற கருத்துக்கு நாமே கையொப்பமிட்டோம். எந்தப் படிமத்தை எதிர்த்தோமோ அதற்கே சான்றானோம். ஒலி நீங்கியது, காட்சி நின்றது. அக்கதையின் சோம்பலையும் மூன்றாமவரின் இன்மையையும் எடுத்துக்காட்டும் விரிவான திறனாய்வுகள் அந்த இரு வாரங்களில் நம் ஏடுகளில் நிறைந்திருந்தால், பிறரையும் அவை சிந்திக்கத் தூண்டியிருக்கும். காட்சியைப் பாராமலே படத்தைக் கண்டித்தவர் நம்மில் பலர். பாராமல் தீர்ப்பளிப்பதும் பிறப்பைக் கொண்டு தீர்ப்பளிப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

தவறாக வாசிக்கப்பட்ட கவிஞர்

வாசிப்புத் தவறு எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதற்கு இலங்கை ஒரு சான்று. 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு நாளில், ஸஹ்ரான் ஹாஷிமும் கூட்டாளிகளும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இக்கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கூற இயலாது.

இது நிகழ்ந்தது முஸ்லிம்களை ஒரு சமூகமாகக் கண்காணிக்கத் தவறியதாலா? ஸஹ்ரானின் போக்கைப் பற்றி இலங்கை முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தனர். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி வழியினரோடு நேர்ந்த மோதலுக்குப் பின் அவன் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியது. அதன் மேல் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உயர் நீதிமன்றம் இக்கடமைத் தவறலை உறுதிசெய்து, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. குறிப்பிட்ட ஒருவனின் குறிப்பிட்ட செயல் பற்றிய தகவல் கையில் இருந்தும் அது வாசிக்கப்படாமற் போனது.

ஆனால் வாசிக்க வேண்டாதது வாசிக்கப்பட்டது. மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டினர். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. கவிதையின் மொழியையும் மரபையும் அறியாதவர்கள் பெயர்த்தும் விளக்கியும் எழுதியவை அவருக்கு எதிரான சான்றுகளாயின. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது; 2023 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டார். எழுதியவர் யார் என்பதை முதலில் முடிவுசெய்து, பின்னர் எழுத்தைப் படித்தால் எந்த வரியும் குற்றமாகும். திறனாய்வு முறையின் அரிச்சுவடியை அறியாமை ஒரு மனிதரின் வாழ்வில் ஒன்றரை ஆண்டைச் சிறையில் கழியச் செய்தது.

நாம் தவிர்க்கலாகாத உண்மை

நம் பக்கத்திலும் மறைக்கக் கூடாதவை உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. 1997 நவம்பர் இறுதியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதும், அதனையடுத்து 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அதற்கு முன் நடந்தவை என்பது வரலாறு. ஆயினும் அது சந்தையிலும் தெருவிலும் நின்ற அப்பாவிகளைக் கொன்றதற்கு நியாயமாகாது. நீதிமன்றம் 2007இல் 158 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. அதே தீர்ப்பில் அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த பின் விடுவிக்கப்பட்டார். குற்றம் மெய், தண்டனையும் மெய், ஒன்பதாண்டுச் சிறை கண்ட பின் வந்த விடுதலையும் மெய். இவற்றுள் ஒன்றை மட்டும் பேசுபவர் பாதுகாப்பைப் பேசுபவராகார்.

2022 செப்டம்பர் 22 அன்று தேசியப் புலனாய்வு முகமை நாடெங்கும் நடத்திய சோதனைகள் கம்பத்தையும் எட்டின. ஒரு வாரத்துக்குள் பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பு ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பதைச் சான்றுகளைக் கொண்டு நீதிமன்றமே கூற வேண்டும். நம்மவர் என்பதால் குற்றமற்றவர் என்று நாம் சொல்வதற்கில்லை. நம்மவர் என்பதாலேயே குற்றவாளி என்று பிறர் சொல்வதற்குமில்லை.

காவல் எனும் சொல்

ரேகைச் சட்டத்தின் வடு எவ்வாறு ஆறத் தொடங்கிற்று? அதனை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் ஒருவர் கேரளத்துச் சிரியக் கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவரை அன்போடு 'ரோசாப்பூ துரை' என அழைத்தனர். தமக்கு இழைக்கப்படாத அநீதிக்காகப் பேசிய அவர் நமக்கும் முன்மாதிரி. இவ்வட்டாரத்தில் இன்னும் நடைபெறும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் கற்றவர்கள் அரசுப் பணிகளில் அமர்ந்தனர். பின்னர் எழுத்து வந்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) களவும் காவலும் ஒரே சமூகத்தின் இரு தொழில்களாக விளங்கிய வரலாற்றை அகத்திலிருந்து சொல்லி, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனந்த் பாண்டியனின் 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' (2009) என்ற ஆங்கில மானிடவியல் நூல் கம்பம் பள்ளத்தாக்கின் கள்ளர் வாழ்வையே களமாகக் கொண்டது. பிறர் குத்திய முத்திரை காலப்போக்கில் ஒரு சமூகத்தின் தன்னைப் பற்றிய பேச்சிலும் எவ்வாறு ஊறிவிடுகிறது என்பதை அது காட்டுகிறது. இவை தம் மாந்தரைக் குற்றமற்றவர்களாகப் புனையவில்லை. களவைக் களவென்றே சொல்கின்றன. ஆனால் செய்தவனைச் செய்ததற்குரியவனாகக் காட்டி, அவன் குலத்தை அதிலிருந்து பிரித்துவிடுகின்றன. நம்மைப் பற்றிய எழுத்திலும் இதுவே வேண்டும். புகழ்ச்சி வேண்டியதில்லை.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசல் முற்றியபோது இவ்வெல்லையின் இருபுறமும் வண்டியின் பதிவெண்ணே குற்றமாயிற்று. பேசும் மொழியைக் கொண்டு மனிதர் எடைபோடப்பட்டனர். அந்நாள்களில் கள்ளரும் ராவுத்தரும் பிறரும் பிறப்பைக் கேட்கும் கேள்வியைச் சேர்ந்தே எதிர்கொண்டனர். ஆகவே இப்பள்ளத்தாக்கினருக்கு நம் வேதனையை எடுத்துரைக்க நீண்ட முன்னுரை வேண்டியதில்லை. அவர்களிடம் அதனை நாம் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என்பதே குறை.

உத்தமபாளையம், கம்பம், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களின் ஜமாஅத்துகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடவுச்சீட்டுக்கான காவல்துறை விசாரணை, வாடகைக்கு மறுக்கப்பட்ட வீடு, வெளிநாட்டு விமான நிலையத்தில் காத்திருந்த மணிநேரங்கள் ஆகியவற்றை நாள், இடத்துடன் எழுதிவையுங்கள். மரியாதையோடு கேட்டுவிட்டு அனுப்பிய அதிகாரியையும் விடாமல் எழுதுங்கள். ரேகைச் சட்டத்தை நினைவுகூரும் வீடுகளுக்கும் சென்று, அங்குள்ள முதியோரின் பேச்சைக் கேட்டு, இதே ஏட்டில் அவற்றை அருகருகே பதியுங்கள். விமான நிலையமாயினும் திரையரங்காயினும், கம்பம்மெட்டுச் சாவடியில் கேட்கப்படும் அந்த எளிய கேள்வியை மட்டும் எங்களிடமும் கேளுங்கள் என்று நாம் கோருவதற்கு அப்பதிவுகள் துணைநிற்கும்.